குன்றுக்கு மேலே ஒரு பெட்டி

டாக்ஸி கம்பெனி தன் டிரைவர்களை எல்லாம் செல்போனுக்கு மாற்றிய பிறகு, வண்டிகளிலிருந்து கழற்றிய வயர்லெஸ் செட்டுகளை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் மேனேஜர். அந்த டிரைவர்களுக்குச் சீருடை தைக்கும் தையல்காரர் அப்போது பக்கத்தில் நின்று ஒருவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அதை என்கிட்ட போடுங்க" என்றார்.

ஊரில் இருந்த ஹாம் ரேடியோ கிளப்புக்கு அவர்தான் செயலாளர். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, பொழுதுபோக்காகக் காற்றில் பேசிக்கொள்கிற கூட்டம் அது. பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள். அங்கே நடக்கும் பேச்சில் பாதி எல்லாருடையது. மீதிப் பாதி தையல்காரருடையது.

மறுநாள் அவர் இருப்பதிலேயே நல்ல இரண்டு செட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று மாடி ஏறி, டிக்டிக்கின் கதவைத் தட்டினார்.

"உள்ள வரலாமா, இல்ல படியில நின்னே அளவெடுத்துட்டுப் போகவா?"

கதவு இன்னும் ஒரு சாண் திறந்தது. அதை வாங்க என்று எடுத்துக்கொண்டு தையல்காரர் உள்ளே போனார்.

டிக்டிக் என்பது கிளப் வைத்த பெயர். அவன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் எடை மெஷின்களைச் சோதித்துச் சரிசெய்கிற கம்பெனியில் வேலை. முப்பது வயது நிறையவில்லை. மனைவி போய் ஒரு மழைக்காலம் முடிந்து, அடுத்தது வரப்போகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை. சிரித்ததையும்தான். வேலைக்குப் போனான், வந்தான். போன் அடித்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

பதில் சொல்வது ஒரே ஒருவருக்குத்தான். மனைவியின் அம்மா. குன்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். அவரும் ஹாம்தான். இந்தப் பைத்தியத்தை மகளுக்கும், மகள் வழியாக மருமகனுக்கும் ஒட்டவைத்ததே அவர்தான். அவனுக்கு அத்தை என்பதால் கிளப்பில் எல்லாருக்கும் அத்தையாகிவிட்டார்.

தினமும் காலையில் அத்தை வயர்லெஸ்ஸில் வருவார். "மாப்பிள்ளை, இருக்கீங்களா?" அவன் தன் கைச் செட்டை எடுத்து, பேசுவதற்கு அழுத்தும் பட்டனை இரண்டு தடவை அழுத்தி விடுவான். டிக், டிக். இருக்கிறேன் என்று அர்த்தம். "சரி, சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்று அத்தை போய்விடுவார்.

அவன் பேசாததற்குப் பழி குன்றின் மேல்தான் விழுந்தது. அத்தை வீட்டில் உயரமான ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபையரும் இருந்ததால் அவர் குரல் எப்படியோ கரகரத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடும். அவனுடைய சின்னக் கைச் செட்டின் குரலோ அங்கே போய்ச் சேர்வதற்குள் இரைச்சலில் கரைந்துவிடும். ஆனால் பட்டனை அழுத்தும்போது அந்த இரைச்சல் ஒரு கணம் அடங்கும். விட்டால் திரும்ப எழும். அது மட்டும் குன்றைத் தாண்டும். "பாவம், குன்று குறுக்க நிக்குது. அவரு என்ன பண்ணுவாரு?" என்று அத்தை எல்லாரிடமும் சொல்வார்.

அவன் வீட்டு அலமாரியில் பெரிய செட் ஒன்று இருந்தது. மனைவியுடையது. அதை எடுத்து மாடி ஆன்டெனாவில் மாட்டினால் குன்று ஒரு பொருட்டே இல்லை. அவள் அதில்தான் அம்மாவோடு அரட்டை அடிப்பாள். அந்த அலமாரியை அவன் திறக்கவில்லை. குன்று அவனுக்கு வசதியாக இருந்தது.

தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். "அத்தை ஊரை விட்டுப் போறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவங்க தம்பி கூப்பிடுறாரு. போன மழையில மண்ணு சரிஞ்சு அந்தப் பக்கம் கரண்டும் போனும் போச்சில்ல? அத்தை வழுக்கி விழுந்து, கால் வீங்கி, தனியாக் கெடந்திருக்காங்க. கரண்ட் இல்லாம ஆம்ப்ளிஃபையர் ஓடாது. பேட்டரி செட்டு குன்றைத் தாண்டாது. பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்ததால ஆச்சு. இன்னொரு மழைக்கு ஒத்தையில விட மாட்டேங்கிறாரு தம்பி. அவரு சொல்றதும் நியாயம்தான."

"எங்க போறாங்க?"

"ரயில்ல ஒரு நாள் தூரம். போனா அப்புறம் கல்யாணம் காட்சின்னாதான் பார்க்கலாம்." தையல்காரர் பையிலிருந்து செட்டுகளை எடுத்து வைத்தார். "அத்தை ஒரு வாய்தா வாங்கி வச்சிருக்காங்க. குன்று மேல ஒரு ரிப்பீட்டர் வந்து, அதுல அவங்க கூப்பிட்டா இந்தப் பக்கம் ஆள் பதில் சொல்றதைத் தம்பி தன் காதால கேக்கணும். கேட்டா இங்கயே இருப்பாங்க. இல்லைன்னா மழைக்கு முன்னாடி மூட்டை கட்டணும்."

"கடையில வாங்கலாம்ல."

"வாங்கலாம். கிளப்பை வித்துட்டு வாங்கலாம்." தையல்காரர் ஒரு செட்டைத் தட்டிக் காட்டினார். "இதை வச்சு செய்யத் தெரிஞ்சவங்க நம்ம ஊருல ரெண்டே பேரு. அதுல ஒருத்தி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவன் செட்டுகளை எடுத்து மேசைமேல் விளக்குக்கு அடியில் வைத்தான். தையல்காரர் சத்தமில்லாமல் எழுந்து போனார். வாழ்க்கையில் அவர் சத்தமில்லாமல் செய்த ஓரிரு காரியங்களில் அதுவும் ஒன்று.

*

ரிப்பீட்டர் என்றால் ஒரு காதும் ஒரு வாயும். ஒரு செட் கேட்கும். கேட்டதை இன்னொரு செட் அதே கணத்தில், வேறொரு அலைவரிசையில், உரக்கத் திருப்பிச் சொல்லும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கத்துப் பேச்சும் அதன் காதில் விழும், அது சொல்வது இரண்டு பக்கமும் விழும். குன்றை நகர்த்த முடியாது. குன்றின் தலையில் ஏறி உட்காரலாம்.

அவன் திருகுகளைக் கழற்றினான். முதல் செட்டுக்குள் இருந்து புழுதியும் பிஸ்கட் தூளும் கொட்டின. ஒரு மைக்கின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. எந்த டிரைவரோ சவாரிக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அதைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இன்னொன்றில் ஊதுவத்தி வாசனை இன்னும் போகவில்லை.

டாக்ஸி அலைவரிசைக்கான கிரிஸ்டல்களைப் பிடுங்கிவிட்டுக் கிளப்புக்கு உரியவற்றைப் பொருத்தினான். சுருள்களைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். இரும்பு பக்கத்தில் போனாலே அளவு மாறிவிடும். காதாக இருக்க வேண்டிய செட்டில் பேசும் பகுதியை முடக்கினான். வாயாக இருக்க வேண்டியதில் கேட்கும் பகுதியை முடக்கினான். காதுக்கு ஏதாவது எட்டினால் வாயைத் திறக்கச் சொல்லும் சின்னப் பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவில் கட்டினான்.

கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அது அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

சூடு ஒரு பிரச்சினை. டாக்ஸி செட்டுக்கு வாழ்க்கை சுலபம். 'ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி.' 'வர்றேன்.' அதோடு ஓய்வு. ரிப்பீட்டர் அப்படியில்லை, ஊரார் பேச்சை எல்லாம் தான் பேசியாக வேண்டும். அவன் வாய்ச் செட்டின் சக்தியைப் பாதியாகக் குறைத்தான். முதுகில் அலுமினியத் தகடுகளை அடுக்கி ஒரு மின்விசிறியையும் வைத்தான். அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று பட்டது. யாராவது மூன்று நிமிஷத்துக்கு மேல் விடாமல் பேசினால் பெட்டி தானாக வாயை மூடிக்கொள்ளும்படி வைத்தான்.

"யாராவதுன்னா யாரு?" என்று கேட்டார் தையல்காரர்.

அவன் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த திருகை முடுக்கினான்.

"நான் வணக்கம் சொல்லி முடிக்கவே மூணு நிமிஷம் ஆகுமேய்யா."

"பட்டனை விட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு, திரும்ப அழுத்துங்க. கணக்கு மறுபடி முதல்லேருந்து ஓடும்."

தையல்காரர் அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டார். பெட்டி எந்த அளவில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. "மருமகன் இன்னிக்கு ஒரே மூச்சுல பத்து வார்த்தை பேசினாரு அத்தை" என்றார்.

*

குன்றின் உச்சியில் ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியில் மோட்டார் அறை. மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லாரும் பம்ப் அக்கா என்பார்கள். அவர் அறையின் மூலையில் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் விட்டார். மேலிடத்து அனுமதியைக் கிளப் வாங்கியிருந்தது. ஆனால் அந்த மூலையில் இருந்த விளக்குமாறுகளை வேறு இடத்துக்கு மாற்ற ஒப்புக்கொண்டதுதான் பெரிய அனுமதி.

"இது பேசுமா?" என்றார் பம்ப் அக்கா, பெட்டியைப் பார்த்து.

"சொன்னதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும்க்கா" என்றார் தையல்காரர்.

"எங்க வீட்டுக்காரரு அதுல முதல் பாதியே செய்ய மாட்டாரு."

தொட்டி மேல் ஆன்டெனாவை நிறுத்தினார்கள். காதும் வாயும் ஒரே ஆன்டெனாவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வாய் போடும் கூச்சலில் காது செவிடாகாமல் இருக்க, ஆறு பித்தளை டப்பாக்களை வரிசையாக இணைத்து ஒரு வடிகட்டி செய்திருந்தான். ஒவ்வொரு டப்பாவின் நடுவிலும் ஒரு கம்பி. அதை ஏற்றி இறக்கி, எந்த அலையை விடுவது, எதைத் தடுப்பது என்று சரிசெய்ய வேண்டும்.

மின்சாரம் போட்டதும் மின்விசிறி சுற்றியது. அந்தப் பக்கம் அத்தை பேட்டரி செட்டோடு காத்திருந்தார்.

"மாப்... இருக்... ளா... இந்த... என்... கேக்கு..."

முதல் சொல்லைக் கேட்டதும் பெட்டி வாயைத் திறந்தது. வாயைத் திறந்ததும் காது அடைத்தது. காது அடைத்ததும் வாயை மூடியது. மூடியதும் மறுபடி கேட்டது. அத்தையைத் துண்டு துண்டாக நறுக்கிக் குன்றுக்கு இந்தப் பக்கம் எறிந்தது.

"கத்திரிக்கோல் போட்ட மாதிரி வர்றாங்களே" என்றார் தையல்காரர்.

அவன் ஒரு வாரம் வேலை முடிந்ததும் குன்றேறினான். கம்பிகளை ஏற்றினான், இறக்கினான். டப்பாக்களைக் கழற்றிச் சுத்தம் செய்தான். துண்டுகள் கொஞ்சம் பெரிதாயின. முழுசாகவில்லை. குன்றின் அந்தப் பக்கம் மேகம் சேர ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி காரோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அத்தை பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கிவிட்டதாகத் தையல்காரர் சொன்னார்.

அதைக் கேட்டபோது அவனுக்குள் என்னவோ அசைந்தது. என்னவென்று அவன் பார்க்கவில்லை. அத்தை போய்விட்டால் காலையில் அவன் யாருக்கும் இரண்டு தட்டுக்கூடத் தட்ட வேண்டியதில்லை. அந்தக் காலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அது மிகவும் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் அவனைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை, சோதனைக்காக அத்தை அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, களைத்துப்போய், பெட்டிக்குப் பின்னால் கையை ஊன்றினான். கை ஒரு கேபிள்மேல் பட்டது. அத்தையின் குரல் சட்டென்று முழுசாக வந்தது. கையை எடுத்தான். துண்டானது. வைத்தான். முழுசானது.

செட்டையும் டப்பாக்களையும் இணைக்க, டாக்ஸிகளில் இருந்த அதே மெல்லிய கேபிளைத்தான் போட்டிருந்தான். கூடவே வந்தது, நன்றாகத்தான் இருந்தது, ஏன் வீணாக்க வேண்டும் என்று. காரில் அது போதும். இங்கே அதன் உறைக்குள் சுற்றியிருந்த மெல்லிய கம்பி வலை வழியாக வாயின் சத்தம் கசிந்து நேராகக் காதில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு டப்பாவும் வாசலில் நின்று காவல் காக்க, சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, இரண்டு வலை போட்ட தடித்த கேபிளை மாட்டினான்.

"லைனிங் வச்ச துணி" என்று தடவிப் பார்த்தார் தையல்காரர். "இதை மொதல்லயே என்னைக் கேட்டிருக்கலாம்."

"மாப்பிள்ளை, இருக்கீங்களா? இப்ப எப்படி வருது?"

குரல் அறையின் நடுவில் நின்று பேசியது. அத்தை வீட்டுக் கடிகாரத்தின் ஓட்டம்கூடப் பின்னால் கேட்டது. கரகரப்பு இல்லை, குன்று இல்லை.

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குரல். கல்யாணமான புதிதில் ஒருநாள் போனை எடுத்தவர் யாரென்று பார்க்காமல், 'ஏய் குண்டூசி, தூங்கிட்டியா?' என்று கேட்டுவிட்டான். 'இல்லைங்க மாப்பிள்ளை, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று பதில் வந்தது. ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இத்தனை நாளாகக் குன்றின் இரைச்சல் அந்தக் குரலை மூடி வைத்திருந்தது. இப்போது இரைச்சலைத் துடைத்து எடுத்தது அவன் கைதான்.

கைச் செட்டை எடுத்தான். டிக், டிக். பெட்டி அந்த இரண்டு தட்டையும் வாங்கி, சுத்தியலால் அடித்தது போல ஊருக்கே சொன்னது.

"நல்லது, நல்லது" என்றார் அத்தை.

தையல்காரர் அவனையே பார்த்தார். "இப்ப குன்று இல்லையே டிக்டிக். இப்ப என்ன சாக்கு?"

அவன் மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

*

சனிக்கிழமை பம்ப் அக்கா புகார் சொன்னார். அவர் மோட்டாரைப் போடும்போதெல்லாம் சுவிட்சில் ஒரு பொறி பறக்கும். அதைப் பெட்டி யாரோ பேசுவதாக எடுத்துக்கொண்டு 'க்ர்ர்க்' என்று ஊர் முழுக்கக் கத்தியது. கிளப்பிலும் ஒரே முணுமுணுப்பு. தண்ணீர் ஏற்றுவதை எதற்கு எங்களுக்கு ஒலிபரப்புகிறீர்கள் என்று கேட்டார்கள்.

அவனுக்கு அது பெரிய வேலையில்லை. பெட்டி கொஞ்சம் தாமதித்துக் கேட்க வேண்டும். ஒரு நொடிக்குக் குறைவாக வருகிற எதையும் பேச்சு என்று எண்ணக் கூடாது. அதற்குப் பலகையில், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்துத் தாமதப்படுத்தும் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் கையில் இருந்ததெல்லாம் சின்ன அளவு. ரேடியோ சாமான் விற்கும் கடைக்காரர் ஊரில் இல்லை.

அலமாரியைத் திறந்தான்.

பெரிய செட் துணி போர்த்தி இருந்தது. பக்கத்தில் அவளுடைய பிஸ்கட் டப்பா. உள்ளே பழைய ரேடியோக்களில் இருந்து பிடுங்கிச் சேர்த்த கண்டென்சர்கள். எல்லாவற்றுக்கும் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தாள். சிவப்புப் பொட்டு எல்லாம் பெரிய அளவு. பச்சை எல்லாம் நடுத்தரம். வெள்ளிப் பொட்டு எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் நிறைய இருந்தது. சிவப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு டப்பாவை மூடினான். அலமாரியை மூட மறந்துபோனான்.

கண்டென்சரைப் பற்றவைத்ததும் பம்ப் அக்கா மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். பெட்டி கண்டுகொள்ளவில்லை.

"இனிமே அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசணும்" என்று தையல்காரரிடம் சொன்னான். "இல்லைன்னா முதல் வார்த்தை போயிடும்." தையல்காரர் அதை அன்று மாலைக்குள் நாலு தடவை அறிவித்து, ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிஷத்தில் வெட்டுப்பட்டார்.

*

ஞாயிறு காலை வானம் சாம்பலாக இருந்தது. அவன் சமையலறையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றான். கைச் செட் ஜன்னல் கட்டையில் இருந்தது. கிளப்பில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அத்தை கூப்பிட்டதும் தையல்காரர் பாய்ந்துகொண்டு வருவார், அதோடு காரியம் முடிந்துவிடும்.

"மாப்பிள்ளை, இருக்கீங்களா?"

தெளிவான குரல். அவன் கைச் செட்டை எடுத்து இரண்டு தடவை அழுத்தி விட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாக விரலை எடுத்ததும் பெட்டி 'ஹஷ்' என்று சின்னதாக ஒரு பெருமூச்சு விடும். அது இல்லை. மறுபடி அழுத்தினான். டிக், டிக். இல்லை.

பேட்டரி போய்விட்டதா என்று பார்த்தான். நிறைய இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒரு நொடிக்குக் குறைவாக வருகிற எதையும் பேச்சு என்று எண்ணக் கூடாது. அவனே சொல்லி வைத்தது. பெட்டி சொன்னபடி கேட்கிறது.

"மாப்பிள்ளை? கேக்குதா?"

பின்னால் ஒரு ஆண் குரல், மைக்குக்குச் சற்றுத் தள்ளி: "பார்த்தியாக்கா. நேத்து வரைக்கும் தட்டவாவது தட்டினாருன்னு சொன்ன. இப்ப அதுவும் இல்ல."

"கொஞ்சம் இருடா. பால் வச்சிருப்பாரு."

"எத்தனை நாளைக்கு நீயே அவருக்குப் பதில் சொல்லுவ? கிளப்புக்காரங்க பேசுவாங்க, நான் இல்லைங்கல. மத்த ஆளுங்க நல்லவங்கதான். ஆனா ஒனக்குன்னு இங்க இருக்கிறது இவரு ஒருத்தர்தான். ஒனக்கு ஒண்ணுன்னா இவரு வாயைத் திறப்பாரா? அதைத்தான் நான் தெரிஞ்சுக்கணும்." பிறகு இறங்கிய குரலில், "கார் டிக்கியில எடம் இருக்கு. ஒன் தையல் மெஷினும் வைக்கலாம்."

அத்தை பட்டனை விட்டார். பெட்டி பெருமூச்சு விட்டு அடங்கியது.

அவன் தையல்காரருக்காகக் காத்திருந்தான். யாரும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வீடுகளில் பத்துப் பன்னிரண்டு செட்டுகள் திறந்திருந்தன, ஒரு பட்டன் அழுந்தவில்லை. தையல்காரர் கேட்டுக்கொண்டே பேசாமல் இருக்கிறார் என்பது அவனுக்கு மெல்லப் புரிந்தது. கோபமாக வந்தது. வெகுநாள் கழித்து வந்த கோபம்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்தான். பட்டனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே ஒரு மூச்சு விட்டான்.

"இருக்கேன் அத்தை."

குரல் துருப்பிடித்த கீல் போல வந்தது. தொண்டையைச் செருமினான். விரலை எடுத்திருக்கலாம். இருக்கேன் என்றால் போதும். ஆனால் தட்டவே இல்லை என்று அத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது, அதைச் சொல்லியாக வேண்டும்.

"நான் தட்டினேன் அத்தை. ரெண்டு தடவை தட்டினேன். பெட்டி தின்னுடுச்சு. பம்ப் அக்கா மோட்டார் போடும்போது பொறி பறக்குது, அது உள்ள வரக் கூடாதுன்னு நேத்து ஒரு கண்டென்சர் வச்சேன். என் தட்டும் அந்தப் பொறியும் அதுக்கு ஒண்ணுதான். பேசினாத்தான் திறக்கும். நான் யோசிக்கல. நான்தான் வச்சேன், நான்தான் யோசிக்கல. கண்டென்சர் கையில இல்ல. அதனால அலமாரியைத் திறந்தேன். அவ டப்பாவுல தேடினேன். நீங்க பார்த்திருக்கீங்களா அத்தை அந்த டப்பாவை? எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கா. நகப்பூச்சு. நான் கூட இருந்தும் பார்த்ததில்ல. அவ நகத்துல எப்பவும் பூச்சு இருக்காது, பாட்டில் மட்டும் வாங்கிட்டே இருப்பா. எங்க போகுதுன்னு கேப்பேன், சிரிப்பா. எல்லாம் இங்க போயிருக்கு. அவ சிரிச்சா ஒரு மாதிரி மூக்கால..."

அவன் ஜன்னலைப் பார்த்துப் பேசினான். அவள் பாட்டில் வாங்கிய கடையைச் சொன்னான். தினமும் வெளியில் சாப்பிடுவதைச் சொன்னான், அது சகிக்கவில்லை என்றும் சொன்னான். இன்று பால் பொங்கிவிட்டதைச் சொன்னான். குழாய் ஒழுகுவதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம் அவள் கேட்ட தண்ணீரை வாங்கிவரக் கீழே போனதைச் சொன்னான், அதற்கு மேல் அதைச் சொல்ல முடியாமல் மறுபடி டப்பாவுக்கு வந்தான். சிவப்பு எல்லாம் பெரிது, பச்சை எல்லாம் நடுத்தரம், அந்த வெள்ளிதான்...

மூச்சு முட்டி விரலை எடுத்தபோது பெருமூச்சு வரவில்லை. பெட்டி அதற்குச் சற்று முன்பே வாயை மூடிவிட்டிருந்தது.

பிறகு அத்தை வந்தார். குரல் கொஞ்சம் நனைந்திருந்தது, ஆனால் ஒரு சிரிப்பும் அதில் இருந்தது.

"மாப்பிள்ளை, பெட்டி ஒங்களை வெட்டிடுச்சு. பச்சைப் பொட்டு வரைக்கும் கேட்டுச்சு."

அதற்குள் தையல்காரரால் தாங்க முடியவில்லை. "மூணு நிமிஷ வெட்டு எனக்குன்னு வச்சீங்க டிக்டிக். எவ்வளவு நேரம்யா நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கிறது? பொண்டாட்டி எனக்கு ஒடம்பு சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறா."

"கொஞ்சம் சும்மா இருங்க, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, அவ செட்டு ஒங்க அலமாரியில இருக்கிறது எனக்குத் தெரியாதா? நான்தான வாங்கிக் குடுத்தேன். அதை எடுத்து வச்சா குன்று என்ன பண்ணும்னும் தெரியும். சரி, எப்ப வேணுமோ அப்ப எடுப்பாருன்னு இருந்தேன்."

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, அந்தத் தையல் மெஷினை எங்கேருந்து எடுத்தேன்? சன்னலுக்குப் பக்கத்துலயா?"

"ஆமாடா. அங்கயே வச்சிரு." அத்தை திரும்பினார். "பச்சைக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?"

அவன் அழுத்தினான். மூச்சு விட்டான்.

"வெள்ளி, அத்தை. வெள்ளிப் பொட்டு எதுக்குன்னு தெரியல."

"டப்பாவுல பாதி வெள்ளியாத்தான் இருக்கும். இல்லையா?"

"பாதிக்கு மேல."

"அதெல்லாம் கெட்டுப்போனது, மாப்பிள்ளை. கெட்டுப்போச்சுன்னு அவளுக்குத் தெரியும். தூக்கிப்போட மனசு வராது. ஸ்கூல் படிக்கும்போதே அப்படித்தான். ஒரு நாள் நான் குப்பையில போட்டுட்டேன். அன்னிக்கு அந்த வீட்டுல நடந்த கூத்து இருக்கே..."

அத்தை சொல்லத் தொடங்கினார். ஊர் கேட்டது. கதை நடுவில், குப்பைத்தொட்டிக்குள் ஒரு சின்னப் பெண் தலைகீழாக இறங்கியிருக்கும் இடத்தில், பெட்டி அத்தையையும் வெட்டியது.

யாரும் குறுக்கே வரவில்லை. அவர் மூச்சு விட்டுவிட்டு வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் பொங்கியது போக மிச்சம் இருந்த பாலைக் கோப்பையில் ஊற்றி, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.